முடியக் கூடாத விமானம்

"இதை முடிச்சிட்டாப் போதும்ப்பா. அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

சின்னவன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். கையில் இருந்த பிளாஸ்டிக் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடி சொன்னான். அவன் அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மட்டும் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் மருத்துவமனையிலிருந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததை வெளியே சொல்லும் வழக்கம் கிடையாது. என் தகப்பனார் அப்படி வளர்த்தார், நானும் அப்படியே வளர்த்தேன். சின்னவன் பேருந்துப் பணிமனையில் பிரேக் பரிசோதகன். அவன் பார்த்து அனுப்பிய வண்டி ஒன்று இறக்கத்தில் நிற்காமல் போய் ஒரு பெண் இறந்தாள். விசாரணையில் அவன் மேல் தவறில்லை என்று வந்தது. அவன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வேலைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு ஒரு நாள் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தான். மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். மனநல மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் காட்டவில்லை. எங்கள் வம்சத்தில் யாரும் அந்த வாசலில் போய் உட்கார்ந்ததில்லை. தெருவில் கேட்டவர்களிடம் வயிற்றுக் கோளாறு என்றேன்.

எதிர்வீட்டுக்காரருக்கு எங்கள் வீட்டில் 'ரேடியோ' என்று பெயர். அவர் கேட்டிலேயே மறித்தார்.

"என்ன சார், பையன் இளைச்சுட்டானே. அப்படி என்னத்தைச் சாப்பிட்டான்?"

"கண்ட கடையில கண்டதைத் தின்னுட்டான்."

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாக்கு நீளம் சார்," என்றார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் என் மகனின் நாக்கு நீளமாகிவிட்டது. மானம் தப்பியது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே சின்னவன் விமான மாதிரி செய்யும் அந்தக் கிட்டைப் பிரித்தான். நூறு வருடத்துக்கு முன்பு போரில் வேவு பார்க்கப் பறந்த, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட விமானம். ஒரு பேருந்தின் நீளம்கூட வராத சின்ன விமானத்தின் இன்னும் சின்ன மாதிரி, இரண்டு கைக்குள் அடங்கிவிடும். கடையில் விற்கும் பொம்மை கிட் போலத் துண்டு துண்டாக உடைத்து ஒட்டுகிற வகை அல்ல இது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால், தகடு அச்சை அப்படியே கவ்விக்கொள்ளும். அந்தத் தகடுதான் கிட். வெள்ளைத் தகட்டில் பாதி உடல், பாதி இறக்கை எல்லாம் போர்வைக்குள் படுத்திருப்பவர்களைப் போலப் புடைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றிக் கீறி, உடைத்தெடுத்து, தேய்த்து, பாதியோடு பாதியை ஒட்ட வேண்டும். இறக்கைகளுக்கு இடையில் நிற்கும் குச்சிகளும் இழுத்துக் கட்டும் கம்பிகளும் கிட்டில் வராது. அவற்றை அவனே செய்ய வேண்டும்.

நான் வேலைக்குப் போன காலத்தில் அவன் செய்யும் இந்த விமானங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது நாள் முழுக்க அதையே பார்த்தேன். வால் முடிந்தது. சக்கரம் முடிந்தது. ஒவ்வொன்று முடியும்போதும் என் மூச்சு ஒரு பிடி குறைந்தது. அதற்குள் அவன் தன் கைக்கடிகாரத்தை அக்காள் மகனுக்குக் கொடுத்தான். பைக்கைப் பணிமனை நண்பனை வரச் சொல்லிக் கொடுத்தனுப்பினான்.

"தாராளம் வந்துடுச்சு என் பிள்ளைக்கு," என்று அவன் அம்மா சந்தோஷப்பட்டாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

அன்று மத்தியானமே அவன் மேஜைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

"நானும் ஏதாவது செய்யறேன், குடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் அம்மா வாசற்படியிலிருந்தே சிரித்தாள். "ஏங்க, ஒரு பட்டன் தைக்கத் தெரியாது உங்களுக்கு. ஏரோப்ளேன் செய்யப் போறீங்களா? பாவம், அது தரையிலேயே இருந்துட்டுப் போகட்டும்."

"அப்பா தேய்க்கட்டும்மா," என்றான் சின்னவன். "தேய்க்கறதுக்குப் பொறுமை வேணும். அப்பாவுக்கு அது இருக்கு."

கண்ணாடித் தட்டில் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, இறக்கையின் பாதியை அதன் மேல் கவிழ்த்து வைத்தான். விளிம்பைச் சுற்றிக் கறுப்பு மையில் கோடு போட்டிருந்தான். தகட்டின் தடிமன் முழுக்கத் தேய்ந்து போக வேண்டும், ஆனால் அந்த மைக்கோடு முடி அளவுக்காவது மிஞ்ச வேண்டும். கோடு மறைந்தால் இறக்கையே குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் நில அளவைத் துறையில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரின் எல்லைக் கோடுகளை என் கையால் போட்டிருக்கிறேன். ஒரு விரற்கடை தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சியவர்களையும் மிரட்டியவர்களையும் வாசலோடு அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், மகன் குனிந்திருந்த நேரத்தில், அந்தக் கோட்டை வேண்டுமென்றே தேய்த்து அழித்தேன்.

அவன் எடுத்துப் பார்த்தான். தகட்டின் ஓரத்திலிருந்து மெல்லிய பட்டை வெட்டி விளிம்பில் ஒட்டி, காயவைத்து, அரம் போட்டுச் சரிசெய்துவிட்டான். எனக்குக் கொஞ்ச நாள் கிடைத்தது. மறுபடி ஒன்றைத் தேய்த்தேன். அதையும் சரிசெய்தான். நான் கெடுக்கக் கெடுக்க அவன் கை வேகமாகிக்கொண்டே போனது. நாற்பது வயதுக்குள் இப்படி ஒரு கை இந்த ஊரில் யாருக்கு இருக்கும் என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

கடைசியில் உடற்பகுதியின் வலது பாதி என் கைக்கு வந்தது. அது சேர்ந்துவிட்டால் இறக்கையை ஏற்றிக் கம்பி கட்டுவதுதான் பாக்கி. நான் தேய்த்தேன். கோடு போனது. அதற்குப் பிறகும் தேய்த்தேன். வால் பக்கம் தகடு வெங்காயச் சருகு போல மெலிந்து, என் கட்டைவிரலின் கீழே கிழிந்தது.

அவன் அதை என் கையிலிருந்து வாங்கி இடது பாதியோடு சேர்த்துப் பிடித்தான். கிழிந்த இடத்தின் வழியே அவன் முகம் தெரிந்தது.

"இதையும் ஒட்டுப் போட்டுடலாம்," என்றான். "ஆனா நீங்க அடுத்ததையும் தேய்ப்பீங்க. இல்லப்பா?"

நான் விரலில் ஒட்டியிருந்த ஈரத் தூளைத் துடைத்தேன்.

"ஒரு கோட்டைத் தாண்டாத மனுஷன் நீங்க. முதல் இறக்கையிலேயே தெரிஞ்சுது. ஏன்ப்பா?"

"இது முடிஞ்சா நீ என்ன பண்ணுவே?"

அவன் தலை குனிந்தது. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"பண்ண மாட்டேன்னு சொல்லு," என்றேன். உத்தரவு போடும் குரலில்தான் ஆரம்பித்தேன். பாதியில் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லுடா. நான் எழுந்து போயிடறேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

இந்த வீட்டில் பொய்க்கு இடமில்லை என்று அவனைச் சின்ன வயதில் முட்டி போட வைத்தவன் நான்.

"வயித்துக் கோளாறுன்னு சொன்னீங்க," என்றான். கோபமே இல்லை அவன் குரலில், அதுதான் தாங்கவில்லை. "வந்தவங்க எல்லாம் என்ன சாப்பிட்டேன்னு கேட்டாங்க. அக்காகூட அதான் கேட்டா. நானும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கடை பேரைச் சொன்னேன். வேற எதையும் யார்கிட்டயும் பேச முடியலப்பா."

நான் எழுந்தேன். "கிளம்பு."

"எங்க?"

"அவங்க போகச் சொன்ன இடத்துக்கு."

"அங்க எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

அவன் அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். அவளிடமும் வயிற்றுக் கோளாறு என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், அவள் அதை ஒரு நாளும் நம்பவில்லை என்று தெரிந்தது. செருப்பை எடுத்து மகன் காலடியில் போட்டாள். "நீங்க போங்க. நான் கதவைப் பூட்டிட்டுப் பின்னாடியே வரேன்," என்றாள்.

வாசலில் ரேடியோ நின்றிருந்தார். "என்ன சார், மறுபடி வயிறா?"

"வயிறு இல்ல. அன்னைக்கும் வயிறு இல்ல. இவன் சாகப் பாத்தான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அவர் வாய் திறந்தபடி நின்றது. பிறகு, "இருங்க, காரை எடுக்கறேன்," என்று உள்ளே ஓடினார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

மருத்துவமனைக் கூடம் நிரம்பியிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சத்தமாகக் கேட்டாள்: "யாருக்கு? என்ன தொந்தரவு?"

என் மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குக் கேட்கும்படி சொன்னேன். பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் குரல் தானாகவே தணிந்தது. "உக்காருங்க ஐயா. முதல்ல கூப்பிடச் சொல்றேன்."

பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"உள்ள என்ன கேப்பாங்க?" என்றான்.

"தெரியாது. எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு."

"சொன்னா சரியாகிடுமா?"

ஆகிவிடும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "அதுவும் தெரியாதுடா," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். இத்தனை நாளில் அவன் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். அழைப்பு வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை அழைத்தார்கள். என் தோளைப் பிடித்து, அதன் மேல் பாரத்தைப் போட்டு எழுந்தான். நானும் கூடப் போனேன். "அப்பா வெளிய இருக்கட்டும்," என்று நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

நான் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. உள்ளிருந்து முதலில் ஒரு சத்தமும் வரவில்லை. வெகு நேரம் கழித்து அவன் குரல் கேட்டது. என்ன சொன்னான் என்று புரியவில்லை. அது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று கதவருகிலேயே நின்றேன்.