பொம்மைக்குப் பதிலாக ராஜராஜன்

கருவேலமேடு ஊராட்சிக்குத் தலைவர் வளர்மதி. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் சாலையில் இறங்கி யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். தலைவரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மட்டும் அவள் கணவர் ராஜராஜனைக் காட்டுவார்கள்.

தலைவர் பதவி பெண்களுக்கு என்று அரசாங்கம் ஒதுக்கிய அன்று ராஜராஜன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மனைவியின் ஆதார் அட்டையைத் தேடி எடுத்தார். தேர்தல் போஸ்டரில் அவர் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. வளர்மதியின் படம் ஓர் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தது. ஜெயித்த பிறகு ஆபீஸ் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். கையெழுத்து வேண்டியிருந்தால் கோப்பு அடுப்படிக்குப் போகும். அவள் புளி கரைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று கேட்டுப் போட்டுக் கொடுப்பாள்.

அரசாங்கத்தில் எத்தனையோ துறைகள் இருந்தாலும் ராஜராஜனுக்குப் பிடித்தது தீயணைப்புத் துறைதான். கூப்பிட்டால் வரும், காசு கேட்காது, வரும்போது மணியடித்துக்கொண்டு வரும். அவர் வீட்டுக் கொல்லையில் பாம்பு என்று ஒருமுறை கூப்பிட்டார். எட்டு மைல் தாண்டி வந்தவர்கள் கொக்கியால் தூக்கிப் பார்த்தால் அது டிராக்டரின் ஃபேன் பெல்ட். இன்னொரு முறை பவளமோதிரம் விரலில் இறுகிக்கொண்டது. வெட்டி எடுக்க வந்தவர்களிடம், மோதிரத்துக்குச் சேதம் வராமல் வெட்டச் சொன்னார். தன் பிறந்தநாள் விழாவுக்கு முதல்நாள், வாசலில் புழுதி அடங்கத் தண்ணீர் அடித்துத் தரும்படி ஊராட்சி முத்திரை வைத்தே கடிதம் அனுப்பினார். நிலைய அலுவலர் முத்தமிழ்செல்வன் முடியாது என்று சொல்லிவிட்டார். ராஜராஜன் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

அதனால்தான் சித்திரை மாதம் தீத்தொண்டு வாரத்துக்கு, கருவேலமேட்டில் ஒரு செயல்விளக்கம் நடத்தலாமா என்று முத்தமிழ்செல்வனே வந்து கேட்டபோது ராஜராஜனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"என்னென்ன பண்ணுவீங்க?"

"சிலிண்டர்ல தீப்பிடிச்சா ஈரச்சாக்கு போட்டு எப்படி அணைக்கிறதுன்னு காட்டுவோம் சார். பாம்பு புடிக்கிறது, கதண்டுக் குளவிக் கூட்டைக் கலைக்கிறது எல்லாம் சொல்லுவோம். கடைசில கிணத்துல விழுந்தவங்களை எப்படி மீட்கிறதுன்னு செஞ்சே காட்டுவோம்."

"யாரு விழுவா?"

"வைக்கோல் பொம்மை சார்."

ராஜராஜன் பந்தல் போட்டார், ஒலிபெருக்கி கட்டினார். முகப்பில் பேனர் வைத்தார். அதில் சிவப்பு வண்டிக்கு முன்னால் அவர் கைகூப்பி நின்றார். பார்த்தால் வண்டியை அவரே வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. உள்ளூர் கேபிள் டிவிக்கு நிருபராகவும் கேமராமேனாகவும் இருந்த அரவிந்தனுக்கு இரண்டு முறை போன் போட்டு உறுதிசெய்துகொண்டார்.

அன்று காலை பத்து மணிக்கே பள்ளிக்கூட மைதானத்தில் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். சிலிண்டரில் தீ எரிந்தது, ஈரச்சாக்கு விழுந்தது, தீ அணைந்தது, கைதட்டினார்கள். ராஜராஜன் கைதட்டலை வாங்கிக்கொண்டார். அடுத்து மைதானத்து ஓரத்தில் இருந்த பழைய பாசனக் கிணற்றுக்குக் கூட்டம் நகர்ந்தது. ஐம்பதடிக் கிணறு. கோடைக்கு வற்றி, அடியில் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. முப்பதடி ஆழத்தில் நாலுபேர் உட்காரும்படி அகலமான பாறைத்திட்டு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. வீரர்கள் பழைய பேண்ட் சட்டை மாட்டிய வைக்கோல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அரவிந்தன் உடனே கேமராவைப் பொம்மையின் பக்கம் திருப்பினான்.

ராஜராஜனால் அதைத் தாங்க முடியவில்லை. இவ்வளவு செலவு செய்து பந்தல் போட்டது ஒரு வைக்கோல் பொம்மையை டிவியில் காட்டவா?

"பொம்மையெல்லாம் வேணாம். நானே எறங்குறேன்" என்றார்.

"சார், உங்க எடைக்கு..." என்று முத்தமிழ்செல்வன் இழுத்தார். ராஜராஜன் நூற்றுப்பத்துக் கிலோ.

"மக்களுக்காக எறங்குறதுக்கு எடை என்னங்க எடை?" ராஜராஜன் போனை எடுத்தார். பெரம்பலூரில் யாரோ ஒரு பெரிய மனிதரிடம் பேசி, போனை அலுவலரின் காதில் வைத்தார். முத்தமிழ்செல்வன் மூன்று தடவை "சரிங்க சார்" சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இடுப்பில் பெல்ட் மாட்டி, ஆறு வீரர்கள் கயிற்றைப் பிடித்து, வெள்ளை வேட்டி சட்டையோடு ராஜராஜனை மெல்ல இறக்கினார்கள். திட்டில் கால் வைத்ததும் அவர் அண்ணாந்து பார்த்தார். கிணற்று வாயைச் சுற்றித் தலைகள் தெரிந்தன. இத்தனை தலைகள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"ஐயா, பெல்ட் தெரியுது. விழுந்த ஆளு மாதிரி இல்ல" என்று அரவிந்தன் மேலிருந்து கத்தினான்.

ராஜராஜன் யோசிக்கவேயில்லை. பெல்ட்டைக் கழற்றிக் கொக்கியோடு விட்டார். "சார், கழட்டாதீங்க!" என்று முத்தமிழ்செல்வன் போட்ட சத்தம் கீழே போய்ச் சேருவதற்குள், மேலே வீரர்கள் இறுக்கிப் பிடித்திருந்த கயிறு எட்டாத உயரத்துக்கு ஆடிக்கொண்டு போய்விட்டது.

"காப்பாத்துங்க!" என்றார் ராஜராஜன்.

"சத்தம் பத்தலைங்கய்யா. இன்னொரு டேக்!"

"காப்பாத்துங்க! ஐயோ, காப்பாத்துங்க!"

"சூப்பருங்கய்யா!"

அந்த நேரத்தில்தான் வண்டியில் வயர்லெஸ் கரகரத்தது. விக்கிரமங்கலம் போகும் வழியில் ஒரு குடியிருப்பில் மக்காச்சோளத் தட்டைப் போர் தீப்பிடித்து, பக்கத்துக் கூரைவீட்டுக்குத் தாவிவிட்டது. அடுத்தடுத்து இன்னும் மூன்று கூரைவீடுகள் இருந்தன. காற்று வேறு சுழன்றடித்தது.

முத்தமிழ்செல்வன் கிணற்றையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். ஓர் ஆள் கீழே இறங்கி, மறுபடியும் பெல்ட் மாட்டி, நூற்றுப்பத்துக் கிலோவை ஆறு பேர் சேர்ந்து இழுத்து மேலே கொண்டுவரக் கால்மணி நேரம் ஆகும். கால்மணி நேரத்தில் மூன்று வீடும் சாம்பலாகிவிடும். ராஜராஜனிடம் கேட்பதில் பிரயோசனமில்லை. பந்தலின் முன்வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்த வளர்மதியிடம் ஓடினார்.

"அம்மா, நீங்கதான் இந்த ஊருக்குத் தலைவர். நீங்கதான் சொல்லணும்." நிலைமையை இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

வளர்மதி எழுந்து வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "அவருக்கு ஆபத்து எதும் இருக்கா சார்?"

"இல்லம்மா. திட்டு அகலம், நல்ல நிழல். ஒரு ஆளையும் கயிறையும் இங்கயே விட்டுட்டுப் போறேன்."

"அப்ப போங்க சார். வூடு எரியுதுங்கிறீங்க, நின்னு பேசிக்கிட்டிருக்கீங்களே!"

கிணற்றுக்குள் இருந்த ராஜராஜனுக்கு இது எதுவும் கேட்கவில்லை. மணியோசை கேட்டது. தன் மீட்புக்குத்தான் மணியடிக்கிறார்கள் என்று நினைத்துத் தலையைச் சரிசெய்துகொண்டார். மணியோசை தூரமாகப் போனது. மேலே ஒரே ஒரு தலைதான் மிச்சமிருந்தது. வேல்முருகன் என்ற இளம் வீரரின் தலை.

"எங்கய்யா எல்லாம்?"

"தீப்பிடிச்சிருக்குங்க சார். எங்க ஆளுங்க போயிட்டு வந்துருவாங்க. சனமெல்லாம் பந்தலுக்குத் திரும்பிருச்சு."

"அந்த கேமராக்காரன்?"

"அவரும் வண்டி பின்னாடியே பைக்கில போயிட்டாருங்க சார். அங்கதான் நல்ல காட்சி கிடைக்குமாம்."

"என்னைத் தூக்கிட்டுப் போக மாட்டீங்களாய்யா? யாரைக் கேட்டுப் போனானுங்க?"

"தலைவர் போகச் சொல்லிட்டாங்க சார்."

"தலைவர் நான்தானேய்யா!"

வேல்முருகன் கயிற்றில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டி இறக்கினார்.

ராஜராஜன் திட்டில் உட்கார்ந்தார். வேட்டியில் பாசி ஒட்டியது. மேலே ஒலிபெருக்கி கொரகொரவென்றது. பிறகு, கிணற்றின் நாலு சுவரிலும் மோதிக்கொண்டு ஒரு குரல் வந்தது. அது தன் மனைவியின் குரல் என்று தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவு சத்தமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை.

"யாரும் எந்திரிச்சுப் போகாதீங்க. வண்டி திரும்பி வர்ற வரைக்கும் நேரம் கெடக்கு. தீயைப் பத்தி யாருக்காச்சும் கேக்கணும்னா, சொல்லணும்னா சொல்லுங்க. எழுதிக்கலாம்."

பிறகு ராசாத்தியின் குரல் வந்தது. கிழக்குத் தெருவில் போன வருஷம் இவள் வீடுதான் எரிந்தது.

"நான் ஒண்ணு கேக்குறேன் தாயி. அன்னிக்கு வண்டி சரியான நேரத்துக்கு வந்துச்சு. எங்க தெருவுக்குள்ள ஏன் வரலை?"

எல்லாருக்கும் காரணம் தெரியும். கிழக்குத் தெரு முனையில் ராஜராஜன் தன் அப்பா பெயரில் ஒரு நினைவு வளைவு கட்டியிருந்தார். கார் போகும், வேன் போகும். தீயணைப்பு வண்டி போகாது. அன்று வண்டி வளைவுக்கு வெளியே நின்றது. குழாயை ஒன்றோடொன்று இணைத்துத் தெரு முழுக்க இழுத்து முடிப்பதற்குள் ராசாத்தி வீட்டில் அணைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. வளைவின் உயரம் குறித்து முத்தமிழ்செல்வன் இரண்டு கடிதம் எழுதியிருந்தார். இரண்டும் ராஜராஜனின் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தன.

"அந்த வளைவு இருந்ததால தாயி" என்று ராசாத்தியே சொன்னாள். "என் கல்யாணப் புடவை, புள்ளைங்க சர்டிபிகேட், நாலு ஆடு. எல்லாம் அந்த வளைவுக்குக் காவு."

கிணற்றுக்குள் ராஜராஜன் எழுந்து நின்றுவிட்டார். "வேல்முருகா! தூக்குய்யா என்னை! காப்பாத்துங்கய்யா!"

மேலே யாரோ சொல்வது கேட்டது: "பாவம், இன்னும் நடிச்சிக்கிட்டிருக்காரு பாரு. யாராச்சும் கேமரா போயிடுச்சுன்னு சொல்லுங்கப்பா."

"செயலர், எழுதிக்கங்க" என்றாள் வளர்மதி. "வளைவை எடுக்கணும்னு மே ஒண்ணாந்தேதி கிராமசபைல தீர்மானம் வைக்கிறோம்."

ஊராட்சி செயலர் ராசாங்கம் இருபது வருஷமாகப் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்துப் பழகியவர். "அம்மா, எதுக்கும் தலைவர் வந்துரட்டும்..."

"எந்தத் தலைவர்?"

முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு இருநூறு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கிணற்றுக்குள் இறங்கி, சுற்றிச் சுற்றி வந்து, ராஜராஜனின் காதில் நுழைந்தது. ராசாங்கம் பேனாவைத் திறந்தார்.

ராஜராஜனுக்குக் கோபம் வந்தது, பிறகு பசி வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் பாறையில் சாய்ந்துகொண்டு தன் ஊரைக் கேட்டார். அய்யாக்கண்ணு என்ற விவசாயி, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியைப் பற்றி மூன்று வருஷமாக மனு கொடுத்ததைச் சொன்னார். செல்வம்மாள், பள்ளிச் சமையலறையில் சிலிண்டர் குழாய் வெடிப்புவிட்டிருப்பதைச் சொன்னாள். ஒவ்வொன்றும் தன்னிடம் ஏற்கெனவே வந்ததுதான் என்று ராஜராஜனுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொருவரிடமும் "பாத்துக்கலாம்" என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. அப்போது அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

இரண்டரை மணி நேரம் கழித்து வண்டி திரும்பியது. ஒரு வீடு போய்விட்டது, மூன்று வீடுகள் தப்பித்தன, மனிதருக்குச் சேதமில்லை. கரி பூசிய முகங்களோடு வந்தவர்கள் ராஜராஜனை மேலே இழுத்தார்கள். நிஜமாகவே வியர்க்க வியர்க்க இழுத்தார்கள். அவர் கரையேறியபோது கிணற்றடியில் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் பந்தலில் வளர்மதியின் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

அவள் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "கால் மரத்துப் போச்சாங்க?" உண்மையான கரிசனத்தோடுதான் கேட்டாள். திட்டுவதற்கு வாயைத் திறந்த ராஜராஜன் தண்ணீரைக் குடித்தார்.

அன்றைக்கே அவர் அரும்பாவூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போனார். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். கிராமசபை நடந்தது, தீர்மானம் நிறைவேறியது, ஜே.சி.பி. வந்து வளைவை அரைமணி நேரத்தில் இடித்துத் தள்ளியது. யாரும் கூப்பிட வரவில்லை. பதினெட்டாம் நாள் தங்கை புருஷன், "மச்சான், ஊருக்கு எப்பப் போறதா உத்தேசம்?" என்று மரியாதையாகக் கேட்டார். ராஜராஜன் மறுநாள் காலை பஸ் ஏறினார்.

வீடு பூட்டிக் கிடந்தது. சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கித் திறந்தார். மின்கம்பி விஷயமாக வளர்மதி அரியலூர் போயிருப்பதாக அவர்கள் சொன்னார்கள். பானையில் சோறு இருந்தது. தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

சாயங்காலம் வளர்மதி வந்தாள். தோளில் பை, செருப்பெல்லாம் சிமெண்ட் புழுதி. கணவரைப் பார்த்து, "எப்ப வந்தீங்க? நல்லதாப் போச்சு" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். ராஜராஜன் பேச வேண்டியதைப் பஸ்ஸிலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

"தலை விண்ணுவிண்ணுங்குது. ஒரு டீ போடுங்களேன்" என்றாள் அவள், கண்ணை மூடியபடி.

ராஜராஜன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு அடுப்படிக்குப் போனார். இருபத்திரண்டு வருஷமாகத் தன் வீட்டில் இருந்த அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"சர்க்கரை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள்.

"டீத்தூள்?"