நிறம் மாறும் சொட்டு

இன்னும் எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் அடுத்து என்ன வேலைக்குப் போக ஆசை என்பதை அவரவரே முடிவு செய்து கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று புது மேலாளர் மேடம் சொல்லிவிட்டார். நேரம் ஒதுக்குவேன், பயிற்சி தருவேன், ஆனால் யாருக்கும் நான் வழி தேடிக் கொடுக்க மாட்டேன் என்றார். முன்பிருந்த மேலாளர்கள் ஆட்களை இஷ்டத்துக்குப் பந்தாடியவர்கள். ஆகவே குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் முழுக்க ஒரே சலசலப்பு.

கணக்குப்பிள்ளைக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

அது அவனுடைய பட்டப்பெயர். அங்கே சோதனை இருவர் இருவராக நடக்கும். ஒருவர் பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாயிலிருந்து குடுவைக்குள் சொட்டுச் சொட்டாக அமிலம் விடுவார். சாயம் கலந்த தண்ணீர் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும் சொட்டில் நிறுத்தி அளவைச் சொல்வார். மற்றவர் எழுதிக்கொள்வார். ஐந்து வருடமாக இவன்தான் எழுதுகிற ஆள். "நீங்களே பிடிங்கக்கா, உங்க கைராசி எனக்கு வராது" என்று ஜோடியாக இருந்த அக்காவிடம் முதல் வாரம் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது.

அவன் கண் பக்கத்து அறை மேல் இருந்தது. அங்கே இயந்திரங்கள், திரையில் எண்கள் மட்டும் வரும். அவற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தான். ஆனால் ஒரு வருடமாவது பியூரெட் பிடித்தவருக்குத்தான் அந்த அறை என்பது கூடத்தின் வழக்கம். தளர்த்தச் சொல்லிக் கேட்டால், ஏன் என்பார்கள். காரணம் அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் இருக்கிற வேலைக்கும் வேட்டு என்று பயந்தான்.

மனைவிக்குத் தெரியும். கூட்டத்தன்று காலை அவன் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நிற்பதைப் பார்த்தாள்.

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? அவங்களா கேக்கறப்பகூடச் சொல்லலைன்னா, அப்புறம் யாரும் முன்னேற விடலைன்னு எங்கிட்ட வந்து புலம்பாதீங்க."

கூட்டத்தில் வண்டி ஓட்டுபவர் கணினி கற்க வேண்டும் என்றார். குடுவை கழுவும் அம்மா, தனக்குக் கழுவுவதே பிடித்திருக்கிறது, கிழியாத கையுறை வாங்கிக் கொடுத்தால் போதும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவன் முறை வந்தபோது எழுந்து நின்று பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பையன் கூச்சப்படுகிறான், பியூரெட்டுக்குத்தான் ஆசைப்படுவான், இனி அவன் பிடிக்கட்டும், நான் எழுதுகிறேன் என்று தன் இடத்தையே தூக்கிக் கொடுத்தாள். அவரே சொல்லட்டுமே என்றார் மேடம்.

"அக்கா சொல்றதுதான் மேடம்" என்றான் அவன்.

மதியமே பியூரெட் அவன் கைக்கு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணீர். சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது. குடுவையை முறைத்துப் பார்த்தான். வழக்கமாக அக்கா எங்கே நிறுத்துவாள் என்று யோசித்து, குத்துமதிப்பாகக் குழாயை மூடினான்.

"பதினாலு புள்ளி ரெண்டு."

எழுதப் போன அக்கா குடுவையை எட்டிப் பார்த்தாள். "டேய், இது எப்பவோ மாறிடுச்சே. கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறியா?"

சத்தம் கேட்டு மேடம் வாசலில் வந்து நின்றார். அக்கா சட்டென்று குரலைத் தாழ்த்தி, முதல் நாள் படபடப்பு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று பூசி மெழுகினாள். தலையாட்டிவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் நாளைக்கும் இதே குடுவை. நாளைக்கும் யாரோ குடிக்கப் போகிற தண்ணீர்.

"சரியாகாதுக்கா" என்றான்.

குடுவையைக் கீழே வைத்துவிட்டு மேடம் பக்கம் திரும்பினான்.

"எனக்குப் பக்கத்து ரூம் மிஷின்ல வேலை வேணும் மேடம். பியூரெட் பிடிக்காமலே வேணும். எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். பொறந்ததுலேர்ந்தே."