வேலாயியின் இருமல்

1

"அந்தப் புள்ளைக்கு இருமலே இல்ல" என்றாள் றுக்கையா.

"பின்ன எதுக்கு சுக்கும் திப்பிலியும் வாங்கிட்டுப் போறா?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்குறேன். லயத்து ஆளுங்க எல்லாரும் வேலாயிக்கு இருமல்னுதான் சொல்றாங்க. அன்னைக்கு மொளகா மூட்டைய அவுத்தப்போ நான் இருமுனேன், எங்க வீட்டுக்காரர் இருமுனாரு. அவ சும்மா நின்னா."

ஐம்பத்தெட்டாம் ஆண்டு, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மஸ்கெலியாவில் றுக்கையாவின் பலசரக்குக் கடையில் நடந்த இந்தப் பேச்சுதான் கதையின் பிறப்பிடம். வேலாயியை நான் பார்த்ததில்லை. மிளகாய் நெடியில் இருமாமல் நின்ற ஒரு பெண், அவ்வளவுதான் என் கையில் இருந்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைச்சரிவில் இளங்கதிர்..." (வேண்டாம். வேலாயியின் புருஷனுக்கு மூச்சு முட்டும்; அவனுக்குப் பனி அழகில்லை.)

இரண்டாவது: "சோலைமலை தன் மனைவி வேலாயியை உயிருக்கு உயிராக நேசித்தான், அவளும்..." (பொய்யில்லை. ஆனால் இந்த வாக்கியத்தை என் வாசகிகள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள்.)

மூன்றாவது, வெறும் தகவல். சோலைமலைக்குத் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் சலிக்கும் அறையில் வேலை. காய்ந்த தேயிலையைச் சலிக்கும்போது எழும் தூள் பல வருடங்களாக அவன் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. மேடு ஏறினால் மூச்சு நின்று நின்று வரும். காசநோய் இல்லை, ஆனால் இது முழுதாகத் தீரவும் தீராது என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்தில் அந்த வித்தியாசமெல்லாம் எடுபடாது. இருமுகிறவனைத் தேயிலைக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள்; வேலைப் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். வேலாயி எடுக்கும் கொழுந்தை மட்டும் நம்பி இரண்டு பேர் சாப்பிட முடியாது.

இதில் தொடங்குகிறேன்.

3

பெக்டரியில் இயந்திரச் சத்தம் இருமலை விழுங்கிவிடும். லயத்தில் அப்படி இல்லை; ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றையறைக் காம்பராக்கள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போவதில்லை. பக்கத்து வீட்டில் தாளிப்பது இந்த வீட்டில் மணக்கும்.

ஆகவே வேலாயி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் இருமத் தொடங்கியதும் அவளும் இருமுவாள், அவனைவிடச் சத்தமாக. முடிந்ததும், "இந்தப் பாழாப்போன பொகை" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி திட்டுவாள். ஒரு பெண் இருமினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விறகடுப்பு காம்பராவுக்குள்ளேயே எரியும் லயத்தில் இருமாத பெண் கிடையாது.

(ஒரு லயம் முழுக்க ஏமாறுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா அவர்கள்? ஆனால் இருமல் இன்னாருக்குத்தான் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், காது அதற்கப்புறம்... சரி, விடுவோம்.)

இருமிக்கொண்டே அவன் முதுகைத் தடவுவாள். மூச்சு எட்டாதபோது அவன் கண்ணில் வரும் பயத்தை அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். "மெதுவா ஊதுங்க, அடுப்பூதுற மாதிரி. ம்... இன்னும் மெதுவா" என்பாள். அவன் உதட்டைக் குவித்து ஊதுவான். மூச்சு திரும்பி வரும்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம். பக்கத்துக் காம்பரா மீனம்மா கொத்தமல்லி கொதிக்கவைத்த தண்ணீரோடு வந்தாள்.

"இந்தா வேலாயி, ஆறுறதுக்குள்ள குடி." பிறகு சோலைமலையைப் பார்த்தாள். "ஏண்ணே, பொண்டாட்டி நெஞ்சு கிழிய இருமுறா, நீங்க சாமி செல கணக்கா குந்தியிருக்கீங்க. ஒரு வாய் சுடுதண்ணி வச்சுக் குடுத்தா கை தேஞ்சிருமா?"

"அவுகளுக்கென்ன மதினி, இரும்பு ஒடம்பு" என்று சிரித்தாள் வேலாயி.

சோலைமலைக்கு அப்போதே மூச்சு இறுகிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் இருமல் வரும். சிரித்து வைத்தான்.

"சிரிப்பப் பாரு!" மீனம்மா வெளியே வைத்திருந்த தன் குடத்தை எடுத்துக்கொண்டு, வாசலில் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

வேலாயி சொம்பை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. எல்லாருடைய கைவைத்தியமும் வேலாயி பெயரில் வந்து அவன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவனைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

5

முடிவு ஒன்று: பெக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா கண்டுபிடித்துப் பெயரை வெட்டுகிறார். (நடக்கக்கூடியதுதான். ஆனால் கதை அவருடையதாகிவிடும்.)

முடிவு இரண்டு: அவர் மனமிரங்கி சோலைமலைக்குப் பெக்டரி வாசலில் காவல் வேலை கொடுக்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் மாலை வெயிலில்... (என் பதிப்பாளருக்குப் பிடிக்கும்.)

இரண்டும் வேண்டாம். மீனம்மா இன்னும் பீலியடியில்தான் நிற்கிறாள், காதுக்கெட்டும் தூரம். சோலைமலைக்கு இருமல் வந்துகொண்டிருக்கிறது. வேலாயியும் தயாராகிறாள். அவள் இருமினாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. அவளை எனக்குத் தெரிந்த அளவு இப்போது உங்களுக்கும் தெரியும், நீங்களே சொல்லுங்கள்.

அவன் அவள் கையைப் பிடித்தான். (முதல் பிரதியில் அவள் வாயைப் பொத்தினான். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

"என்னங்க? விடுங்க, மீனம்மா மதினி வெளியதான் நிக்கிது."

"நிக்கட்டும்."

"காதுல விழுந்தா பேரு வெட்டுற வரைக்கும் போயிரும்ங்க."

"தெரியும். பயமாத்தான் இருக்கு." அவன் உதட்டைக் குவித்து ஊதினான். ஊதி, மிச்சமிருந்த மூச்சில் சொன்னான். "எனக்கு முடியலன்னு ஒரு ஆளாச்சும் தெரிஞ்சுக்கிறட்டும். இந்த ஒரு தடவ நீ இருமாத, புள்ள."