சாமிக்குப் பின்னால் இருந்த கதவு

ஜவுளிக்கடை மேல்மாடிக்குச் சாமி அலமாரி வந்த அன்றைக்கே ஜெயராணிக்கு வயிறு எரிந்தது. சாமி மேல் அவளுக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் முதலாளி சுப்புராயன் மேல்.

சிதம்பரம் கடைத்தெருவில் இருக்கும் அந்தக் கடைக்கு மேல்மாடி முழுக்கப் பட்டும் கல்யாண ஜவுளியும்தான். விற்க நிற்பது அத்தனை பேரும் பெண்கள். அவர்களுக்கு மேற்பார்வை ஜெயராணி. ஏறி இறங்க முன்பக்கம் ஒரு குறுகலான மாடிப்படி. ஆபத்து என்றால் ஓடுவதற்குப் பின்பக்கம் ஒரு கதவு, கதவுக்கு வெளியே சந்தில் இறங்கும் இரும்புப் படி. ஆசைப்பட்டுக் கட்டியதல்ல, லைசென்ஸ் வேண்டுமென்றால் கட்டு என்று சட்டம் சொன்னதால் கட்டியது. அந்த லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் கல்லாவுக்கு மேலே ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஓர் ஆடித் தள்ளுபடியில் பட்டுப்புடவைக் கட்டு ஒன்று காணாமல் போனது. பின்கதவு வழியாகத்தான் போயிருக்கும் என்று சுப்புராயன் முடிவு கட்டினார். கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கல்லாவில் வைத்துக்கொண்டார். அப்படியும் மனசு ஆறவில்லை. ஆள் உயரத்துக்கு ஒரு தேக்கு அலமாரி செய்யச் சொல்லிக் கதவை மறைத்து நிறுத்தினார். அதில் பிள்ளையார், லட்சுமி, நடராசர் படங்கள், சீரியல் பல்பு, முன்னால் கனமான பித்தளைக் குத்துவிளக்கு.

"பூட்டுன்னா எவளாவது ஒடச்சிருவா. சாமி நிக்கிற எடத்துல எவ கை வெப்பா?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிச் சிரித்தார். தெருச்சுவரில் ஒன்றுக்குப் போகாமல் இருக்கச் சாமி டைல்ஸ் பதிக்கிறார்களே, அதே மூளை.

ஜெயராணி பிறந்தது கடலூர் பக்கம் குடிகாட்டில். ஊரை ஒட்டிக் கெமிக்கல் கம்பெனிகள். திடீரென்று நெடி கிளம்பும். அப்பா லூர்துசாமி பிள்ளைகள் மூக்கில் ஈரத்துணியைக் கட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இழுத்துக்கொண்டு ஓடுவார். அதனால் சர்ச்சோ கல்யாண மண்டபமோ, எதற்குள் நுழைந்தாலும் இன்னொரு வழி எங்கே என்றுதான் அவள் கண் முதலில் தேடும். இங்கே இருந்த வழியை ஒருத்தர் கண்ணெதிரே அடைத்துவிட்டார். மறுநாளே போய்க் கேட்டாள்.

"மொதலாளி, சாமிய அந்தச் செவுத்துப் பக்கம் மாத்திடலாங்க. கதவு அடஞ்சி கெடக்கு. நாளைக்கி ஒண்ணுன்னா பொண்ணுங்க எப்பிடி எறங்கும்?"

சுப்புராயன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க சாமி ஒனக்கு உறுத்துதா?"

அவ்வளவுதான். இதற்கு என்ன பதில் சொன்னாலும் அது வேறு பேச்சாகிவிடும் என்று அவளுக்கும் தெரியும், கேட்டவருக்கும் நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் புருஷன் ராபர்ட்டிடம் சொன்னால் அவனும், "வாய வெச்சிகிட்டு சும்மா இரு ராணி. கதவப் பத்திப் பேசுனன்னு எவனும் சொல்லமாட்டான், சாமியப் பத்திப் பேசுனன்னுதான் சொல்லுவான்" என்றான். அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

லைசென்ஸைப் புதுப்பிக்கச் சோதனைக்கு ஆபீசர் வந்தார். இவராவது கேட்பார் என்று ஜெயராணி நம்பினாள். மேலே வந்தவர் அலமாரியைக் கண்டதும் ஷூவைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, விபூதியை அள்ளிப் பூசினார். பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது.

"எமர்ஜென்சி கதவு எங்கங்க?"

"சாமிக்குப் பின்னால சார்."

"அப்ப பத்திரமாத்தான் இருக்கு" என்று சொல்லி அவர் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். போகும்போது ஆபீசர் கையில் பெரிய ஜவுளிப் பை இருந்தது. ஜெயராணிக்கு அந்தப் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறியலாம் போல வந்தது.

அது 2012. கரண்டு இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. சுப்புராயன் ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். வைக்க இடமா இல்லை? முன்பக்க மாடிப்படிக்கு அடியிலேயே வைத்தார், பக்கத்தில் டீசல் கேன்களையும் அடுக்கினார். இருந்த ஒரே வழிக்கும் கீழே அடுப்பு மூட்டினாற்போல ஆயிற்று.

தீபாவளி வாரம், பட்டப்பகல். மாடியில் நெருக்கித் தள்ளும் கூட்டம். கரண்டு போய் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. முதலில் நெடியைப் பிடித்தது ஜெயராணியின் மூக்குதான். ரப்பர் கருகும் நெடி. படியருகே ஓடிப் பார்த்தாள். கீழேயிருந்து புகை கரேலென்று சுருண்டு ஏறி வந்தது, அதற்குள் சிவப்பாக ஏதோ பாய்ந்தது.

"முன்னாடி யாரும் போவாதீங்க! பின்னால வாங்க!"

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அலறிக்கொண்டு, எல்லாரும் பின்னால் ஓடினார்கள். ஓடி, அலமாரி முன்னால் போய் நின்றார்கள். ஒரு கையும் நீளவில்லை. சேலை விற்கும் பொன்னி இருமியபடியே கும்பிடத் தொடங்கிவிட்டாள். ஜெயராணி கையை நீட்டினாள். பாதியில் நின்றுவிட்டது அந்தக் கை. எங்க சாமி ஒனக்கு உறுத்துதா. பாழாய்ப்போன அந்தக் குரல் அந்த நேரத்திலும் காதில் கேட்டது.

"ஏண்டி மரமாட்டம் நிக்கிற? தள்ளுடி!"

கத்தியது தில்லையம்மாள். கீரப்பாளையத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள், வெள்ளி தவறாமல் இந்த அலமாரிக்குப் பூ கட்டி வந்து போடுகிறவள். எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை ஊதி அணைக்கவில்லை, அந்தப் பதற்றத்திலும் ஒரு பூவால் திரியை அமுக்கி அணைத்தாள். பிறகு அலமாரிக்குத் தோளைக் கொடுத்தாள். ஜெயராணியும் சேர்ந்தாள். படங்கள் சரிந்து கண்ணாடி சிதறியது. அலமாரி நகர்ந்தது. கதவு தெரிந்தது, பூட்டும் தெரிந்தது. சாவி கீழே கல்லாவில்.

தில்லையம்மாள் எண்ணெய் வழிய வழியக் குத்துவிளக்கைத் தூக்கி ஜெயராணி கையில் திணித்தாள்.

"இந்தா. இதால அடி."

அடித்தாள். சுப்புராயனை நினைத்து அடித்தாள், ஆபீசரை நினைத்து அடித்தாள், வாயை மூடிக்கொண்டு கிடந்த தன்னையும் நினைத்து அடித்தாள். நாதாங்கி பெயர்ந்து கதவு திறந்தது. ஒவ்வொருவராக இரும்புப் படியில் இறங்கினார்கள். புகையை ரொம்பக் குடித்துவிட்ட பொன்னியைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உயிர் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

தீ அணைந்த மறுநாளே கடை வாசலில் ஃபிளக்ஸ் பேனர் ஏறியது. இறையருளால் அனைவரும் நலம் என்று போட்டு, பக்கத்தில் கைகூப்பியபடி சுப்புராயன். ஜெயராணி அதைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே காறித் துப்பினாள்.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் மாடியில் வேலை நடந்துவிட்டது. அலமாரி எதிர்ச்சுவருக்குப் போனது, படங்களுக்குப் புதுக் கண்ணாடி, கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். சுப்புராயன் பெண்களைக் கூட்டி நிறுத்தினார்.

"கதவு எப்பவும் தொறந்துதான் இருக்கும், சாமி எப்பவும் இந்தச் செவுத்துலதான். இதத்தான் சொல்லணும்." பிறகு ஜெயராணியைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு கிறிஸ்டியன் பொம்பள சாமிய ஒடச்சான்னு வெளிய தெரிஞ்சா என்னா ஆவும்? நான் யாராண்டயும் சொல்லல. நீயும் நல்லபடியா பேசு."

உதவி செய்கிறாராம். அவள் வெடுக்கென்று திரும்பி நடந்தாள். பயத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடலூரிலிருந்து அருள்மொழி என்ற மேலதிகாரி வந்திருந்தாள். கூடவே, முன்பு சோதனைக்கு வந்த அதே ஆபீசர். பொன்னியின் அப்பா கொளஞ்சியப்பனும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து படியோரம் நின்றார். "கதவு என்னைக்கும் தொறந்தே கெடக்குங்க மேடம்" என்று சுப்புராயன் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். அந்த ஆபீசருக்கு மேலதிகாரி கூட இருக்கும் பதற்றம். தலையைக் குனிந்தபடி விறுவிறுவென்று நேரே பின்பக்கம் போனார், ஷூவைக் கழற்றினார், கையைக் கூப்பிக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே சாமி இல்லை. திறந்த கதவும் வெயிலும் இரும்புப் படியும்தான் இருந்தன.

ஜெயராணி பேசினாள்.

"சாமி இப்ப அங்க இல்ல சார். அந்தச் செவுத்துக்கு மாத்திட்டாங்க. போன தடவ நீங்க கும்பிட்டப்ப அங்கதான் இருந்துச்சி. ஒங்க காலு மறக்கல பாருங்க."

ஆபீசர் முகத்தில் ஈயாடவில்லை. கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டார்.

"மேடம், இவ பேச்ச நம்பாதீங்க" என்று சுப்புராயன் பாய்ந்தார். "எங்க சாமிய ஒடச்சவ இவ!"

"ஒடச்சது நானு" என்று தில்லையம்மாள் முன்னால் வந்தாள். "தள்ளுனது நானு. வெளக்க எடுத்துக் குடுத்ததும் நானு. எங்கள உள்ள வெச்சிப் பூட்டிட்டு கதவுக்கு சாமிய காவல் நிறுத்துனீங்களே, ஒங்களுக்குத்தான் சாமி மேல பயம் இல்ல. எங்க, இப்ப சொல்லுங்க, நான் எந்த மதம்னு?"

சுப்புராயன் படிப்பக்கம் திரும்பினார். கொளஞ்சியப்பன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அருள்மொழி ஆபீசரின் ஷூவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கதவு நிலையில் நாதாங்கி பெயர்ந்த இடத்தில் அடித்திருந்த புது மரச்சில்லைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்லேர்ந்து சொல்லும்மா. கதவ எப்ப அடச்சாங்க?"

ஜெயராணி சொல்லத் தொடங்கினாள். கீழே கல்லாவரைக்கும் கேட்கும்படி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.