எட்னாவின் கிராக்கர்

செப்டம்பர் மாதத்துப் புழுக்கத்தில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கிறிஸ்துமஸ் விருந்துக்கு உட்கார்ந்திருந்தாள் க்ளெனிஸ். படப்பிடிப்பு அரங்கின் ஜன்னலுக்கு வெளியே காகிதப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேசை நடுவே வர்ணம் பூசிய வான்கோழி. அதை யாரும் தின்னக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவளுடைய அறுபத்தேழு வயதில் இருபத்தாறு வருஷமாக அவள் ‘பாபின் தெரு’ டி.வி. தொடரின் ரொட்டிக்கடை எட்னா. மான்செஸ்டர் பஸ்ஸில் ஏறினால் டிரைவர்கூட “எட்னாம்மா” என்றுதான் கூப்பிடுவார்.

பாபின் தெருவில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் யாராவது சாவார்கள். ஊரே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அதைப் பார்க்கத்தான் உட்காரும். யார் சாகப்போவது என்று நடிகர்களுக்கே சொல்லமாட்டார்கள். இந்த வருஷம் கொடுத்த கதைத்தாள்களில் கடைசி ஆறு பக்கம் இல்லை. அவை தயாரிப்பாளர் ஹிலாரியின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தன.

“என்னம்மா, சவப்பெட்டிக்கு அளவெடுத்துட்டாங்களா?” என்றான் பக்கத்தில் இருந்த கேரத். தொடரில் அவளுக்கு மருமகன்.

“உன் வாயை அளந்தா பெட்டி கொள்ளாதுடா,” என்றாள் க்ளெனிஸ். மேசை சிரித்தது.

ஈஸ்டரிலிருந்து வசனம் மனதில் நிற்பதில்லை. ராத்திரி படித்தது காலையில் துடைத்த பலகையாக இருக்கிறது. போன மாதம் ஒரு காட்சியை ஒன்பது முறை எடுக்கவேண்டி வந்தது. அன்று ஹிலாரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் க்ளெனிஸைத் தூங்கவிடவில்லை. வசனம் மறக்கும் நடிகையைக் கிறிஸ்துமஸ் அன்று சாகடித்து அனுப்புவதுதானே எல்லாருக்கும் மரியாதை? அப்புறம் யார் அவளை எட்னாம்மா என்று கூப்பிடுவார்கள்?

இன்றைக்கு அவளுக்கு எட்டு வாக்கியம். எட்னாவும் மருமகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கிராக்கரை இழுக்க வேண்டும். அந்தக் காகிதக் குழல் பட்டென்று பிரிந்து, உள்ளிருந்து காகிதக் கிரீடமும் ஒரு அசட்டு ஜோக் எழுதிய சீட்டும் விழும். எட்னா சீட்டைப் பார்ப்பாள், சிரிக்கமாட்டாள், செத்துப்போன கணவனைப் பற்றிப் பேசுவாள்.

காலையில் யாரும் வருமுன் வந்து, தன் தட்டருகே இருந்த கிராக்கரைப் பிரித்து, ஜோக்கை எடுத்துவிட்டு, எட்டு வாக்கியத்தையும் எழுதிய சீட்டை வைத்து மூடியிருந்தாள் க்ளெனிஸ்.

கிராக்கர் வெடித்தது. அவள் சீட்டைப் பார்த்தாள், பேசினாள். ஒரு சொல் பிசகவில்லை. கேமராவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பிரமாதம்!” என்றார் இயக்குநர். “வான்கோழி மேல ஒரு நிழல் விழுது. விளக்கை நகர்த்திட்டு இன்னொரு தடவை போயிடலாம்.”

க்ளெனிஸ் வெடித்துக் கிடந்த கிராக்கரைப் பார்த்தாள். கிராக்கரை ஒரு தடவைதான் இழுக்க முடியும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதுசு வைப்பார்கள். இருபத்தாறு கிறிஸ்துமஸ் நடித்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? வசனம் மறந்ததைவிட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. உள்ளே எதுவோ அவளுக்குத் தெரியாமல் கழன்றுகொண்டிருந்தது.

மேசைச் சாமான்களுக்குப் பொறுப்பான நெவில் கிழிந்த கிராக்கர்களைக் கூடையில் அள்ளினான். கீழே விழுந்த சீட்டைக் குனிந்து எடுத்தான். பிரித்தான். படித்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

நெவில் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹிலாரி நின்றிருந்த மூலைக்கு நடந்தான். ஹிலாரி ஏதோ கேட்டாள், அவன் தலையாட்டினான். அவ்வளவுதான், முடிந்தது. அப்புறம் அவன் சாமான் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டான்.

பத்து நிமிஷம் விளக்கை நகர்த்தினார்கள். முதல் வாக்கியத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. எட்னாவின் கணவன் பெயரே வரவில்லை. ‘ஆண்டவரே, என்னை விட்டுப் போயிடாதீங்க’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வந்தது.

நெவில் வந்து புது கிராக்கரை வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆரம்பிங்க!”

கேரத் இழுத்தான். வெடித்தது. என்ன ஜோக்கோ வந்திருக்கும் என்று சீட்டைப் பிரித்தாள். உள்ளே பெரிய பெரிய எழுத்தில் எட்டு வாக்கியங்கள். அவள் எழுத்து அல்ல.

அப்படி நான்கு முறை எடுத்தார்கள். நான்கு கிராக்கரிலும் சீட்டு இருந்தது.

படப்பிடிப்பு முடிந்ததும் சாமான் அறைக்குப் போனாள். நெவில் காகிதப் பனியைக் கோணியில் அள்ளிக்கொண்டிருந்தான்.

“ஹிலாரிகிட்ட என்ன சொன்னே?”

“மேசையில வெச்ச கோஸ் சூடா இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“டைரக்டர் இன்னொரு தடவைன்னு சொல்லியிருந்தா என் கதி அதோகதி. பேனா தீந்துபோச்சு.” கோணியைக் கீழே வைத்தான். “இங்க சேர்ந்த புதுசுல, மேசைவிரிப்புல ஏதோ கிறுக்கல் இருந்துச்சு, அழுக்குன்னு நினைச்சு விரிப்பையே மாத்திட்டேம்மா. ஒரு வயசான நடிகரோட வசனம் அது. எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்தபடி நின்னாரு. அப்புறம் அவர் வரவே இல்ல. அன்னையிலிருந்து எதையும் படிக்காம குப்பையில போடறதில்ல.”

க்ளெனிஸ் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

“எனக்குப் பயமா இருக்கு நெவில்.”

“தெரியுது. நானா யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா நீங்களே ஹிலாரிகிட்ட சொல்லணும். டாக்டர்கிட்டயும் போகணும். புதன்கிழமை எனக்கு லீவு, காரு இருக்கு.”

ஹிலாரியின் கதவுவரை அவனும் கூடவே வந்தான். உள்ளே போனவள் உட்காரக்கூட இல்லை.

“வசனம் நிக்கமாட்டேங்குது ஹிலாரி. இன்னிக்குச் சீட்டு வெச்சுத்தான் பேசினேன். பெட்டிக்கு அளவெடுக்கறதுன்னா எடுத்துக்க.”

ஹிலாரி சாவியை எடுத்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்த ஆறு பக்கத்தை நீட்டினாள். கூரையில் விளக்கு கட்டப்போன மருமகன் விழுந்து சாகிறான்.

“கேரத்தா!”

“அவனுக்கு இன்னும் தெரியாது, உளறிடாதீங்க.” ஹிலாரி சிரிக்கவில்லை. “டாக்டர் என்ன சொல்றாருன்னு பார்த்துட்டு ஜனவரிக் கதையைப் பேசுவோம். எதையும் என்னால சத்தியம் பண்ணித் தரமுடியாது, க்ளெனிஸ். ஆனா எட்னாவுக்குக் கம்மியா பேச்சு எழுதலாம். கடைக்குள்ள இருந்தா போதும்.”

டாக்டர் சொன்னது நல்ல செய்தி அல்ல. மறதி நோயின் ஆரம்பம்தான், மெதுவாகப் போகும் என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று நெவில் வீட்டில் க்ளெனிஸும் அவனும் அவன் மனைவியுமாக உட்கார்ந்து தொடரைப் பார்த்தார்கள். திரையில் எட்னா கிராக்கரை இழுத்தாள், கணவனைப் பற்றிப் பேசினாள். ஐந்தாவது வாக்கியம் வந்தபோது க்ளெனிஸ் திரைப் பக்கம் குனிந்தாள். அதைப் பேசிய நினைவே அவளுக்கு இல்லை. வேறு யாரோ தன் முகத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

“நெவில், அது நானா?” என்றாள் சன்னமாக.

அவன் மேசையிலிருந்த கிராக்கரை எடுத்து ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினான். இழுத்தாள். உள்ளே இருந்த சீட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: ‘நீங்கதான். மூணாவது தடவை எடுத்தது. நான் பக்கத்துலதான் இருந்தேன்.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மடித்துக் கம்பளிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். கிரீடத்தை எடுத்து நெவிலின் மனைவி அவள் தலையில் சரியாக வைத்துவிட்டாள்.