பல் டாக்டர் குறை சொன்ன மௌனம்

அந்த நகரத்து வானொலியில் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு பியானோ கலைஞரைக் குறை சொன்னால், புதன்கிழமை காலைக்குள் அந்தக் குறை அவருடைய எல்லா இசைத்தட்டுகளிலிருந்தும் மறைந்துவிடும். ஒன்பது வருடம் இப்படி நடந்தது. முதல் வருடத்தில் மக்கள் கிராமபோன் ஊசி தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குப் போய்ப் புதிய ஊசி போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் வருடத்தில் பழகிவிட்டது.

நிகழ்ச்சி எளிமையானது. பியானோவுக்கென்று எழுதிய ஒரே சொனாட்டாவைப் புகழ்பெற்ற மூன்று பேர் வாசித்த தட்டுகளைப் பெயர் சொல்லாமல் போடுவார்கள். நிலையத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இருவர் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் பியானோ டீச்சர். அவர் கம்பீரம் என்றதை இவர் சத்தம் என்பார். இவர் உருக்கம் என்றதை அவர் அழுமூஞ்சித்தனம் என்பார். தட்டுகளைத் தேர்ந்தெடுத்து, வெல்வெட் துணியால் துடைத்து, சுழலவிடுவது நிலையத்தின் இசைத்தட்டு நூலகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணி. எல்லோரும் அவளைத் தட்டுக்காரம்மா என்றார்கள். சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுடைய வலது கால் சூம்பிவிட்டது. இடது பாதம் விழுந்து கொஞ்சம் பொறுத்துத்தான் வலது பாதம் வந்து சேரும்.

இரும்புக் கையர் என்று பெயர் வாங்கிய கலைஞரின் இடது கை பாத்திரம் உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். மறுநாள் தட்டுகளில் வலது கை மட்டும் இருந்தது. அந்த வருடக் கடைசியில் அவரே கச்சேரிக்கு வந்தார். இடது கை விரல்கள் அழுத்தின, கட்டைகள் இறங்கின, சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த அந்நியரைப் பார்ப்பதுபோல அவர் தன் கையைப் பார்த்தார். ஜனங்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். இன்னொருவர் வாசிக்கும்போது கூடவே முணுமுணுப்பார். வாயை மூடிக்கொண்டு வாசித்தால் என்ன என்றார் பல் டாக்டர். மூன்று வாரம் கழித்து அந்தக் கலைஞரின் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது: முதலில் முணுமுணுப்பு போனது, பிறகு குரலே போய்விட்டது, இப்போது உப்பு வேண்டுமென்றாலும் பலகையில் எழுதித்தான் கேட்கிறார். தட்டுக்காரம்மா அதைப் படித்து, அவருக்காக ஜெபித்து, மேசை இழுப்பறையில் வைத்தாள். வேறு யாரும் அந்தக் கடிதத்தைக் கேட்கவில்லை. குறைகள் மறைவதைப் பற்றிக் கேட்டால் பல் டாக்டர், சொத்தைப் பல்லைப் பிடுங்கினதுக்கு யாராவது துக்கம் கொண்டாடுவார்களா என்பார்.

தட்டுக்காரம்மாவின் அண்ணனும் ஒரு காலத்தில் புகழ்பெற்றவர்தான். கை நடுங்க ஆரம்பித்ததும் மேடையை விட்டு, பதினாலு வருடமாகத் தங்கையோடு இருந்தார். ஒரு சொனாட்டாவின் மெதுவான பகுதியில், கடைசி நாதத்துக்கு முன் அவர் ஏழு விநாடி நிறுத்துவார். அதைத் தெய்வீகம் என்று எழுதியவர்களும் உண்டு, அடுத்தது மறந்துபோய்த் திணறுகிறார் என்று எழுதியவர்களும் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று தங்கைக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகும்போது ஒவ்வொரு தெருமுனையிலும் அவர் நின்று, அவளுடைய பின்தங்கிய காலடி வந்து சேர்ந்த பிறகே திரும்புவார். அறுபது வயதிலும் அவள் வந்து உட்காராமல் கரண்டியை எடுக்கமாட்டார்.

"என்னை எப்பம்மா போடப் போறே?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"உன் தட்டு கீறிப்போச்சு அண்ணா."

"மூணு தட்டு இருக்கு. மூணுமா கீறிச்சு?"

"அந்தப் பல் டாக்டர் வாயில விழணும்னு உனக்கென்ன வேண்டுதலா?"

"விழுந்துட்டுப் போறேன். பதினாலு வருஷமா என்னை யாரும் திட்டக்கூட இல்லை. செத்தவனைத்தான் அப்படி விட்டுவைப்பாங்க."

அவளால் மறுக்க முடியவில்லை. அடுத்த செவ்வாய், கடவுளை நினைத்துக்கொண்டு அவருடைய தட்டை மூன்றாவதாகப் போட்டாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டர், கடைசிக்கு முன்னால் ஆளையே காணோமே, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாரா என்று கேட்டார். "அது மௌனம், டாக்டர்" என்றார் டீச்சர். "ஒருத்தன் வாயைத் திறந்து வச்சுக்கிட்டிருக்கும்போது நான் மௌனமா நின்னா சும்மா விடுவானா? அந்த இடம் வேண்டியதே இல்லை. குறைதான்" என்றார் பல் டாக்டர்.

புதன்கிழமை காலை தட்டில் அந்த ஏழு விநாடி இல்லை. கடைசி நாதம் முந்தையதன் குதிகாலை மிதித்துக்கொண்டு வந்தது. அவள் வீடு திரும்பியபோது அண்ணன் சாப்பிட்டுத் தட்டையும் கழுவி வைத்திருந்தார். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு அத்தனை பயம் வந்திருக்காது. அவள் கேட்டு முடிக்குமுன் பதில் சொன்னார். பிறகு அவள் கேட்காதவற்றுக்கும் சொன்னார். சேர்ந்து நடக்கும்போது முனையில் நிற்காமல் திரும்பிப் போய்விட்டார். மூச்சை இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் அவருக்கு இடைவெளியே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் தலைமுடி நரைத்துத் தோளைத் தொட்டது. சனிக்கிழமை அவர் அறை நாட்காட்டியில் அடுத்த மாதத் தாள் இருந்தது. கிழித்த தாள்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஞாயிறு அன்று அதற்கும் அடுத்த மாதம். மனிதர் தன் மிச்ச நாட்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார், இந்தக் காலை வைத்துக்கொண்டு தன்னால் துரத்திப் பிடிக்க முடியாது, இன்னும் இரண்டு வாரம் போனால் அவர் முடிந்தே போவார் என்று அவளுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை காலை பல் டாக்டரின் அறையில், தன் முறை வந்ததும் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை.

"எந்தப் பல்லும்மா?"

"பல்லுக்காக வரலை, டாக்டர். போன வாரம் நீங்க குறை சொன்னது எங்க அண்ணனை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் பேர் தெரியாதே."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்களா?"

நேர்மையான மனிதர்தான். "சொல்லியிருப்பேன்" என்றார்.

அவள் சண்டை போடவில்லை. நாட்காட்டியைப் பற்றிச் சொன்னாள், தெருமுனைகளைப் பற்றிச் சொன்னாள். உப்பைப் பலகையில் எழுதிக் கேட்பவரின் கடிதத்தைக் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு முறை படித்தார். இதை ஏன் இத்தனை நாள் காட்டவில்லை என்றார். நீங்கள் கேட்கவில்லை என்றாள். அவர் வெகுநேரம் கையைக் கழுவினார். பிறகு, மனசில் படாததை வானொலியில் சொல்ல எனக்கு வராதும்மா, அந்த இடத்தை மறுபடி கேட்டால்தான் சொல்ல முடியும், அதுவோ இப்போது எந்தத் தட்டிலும் இல்லை என்றார். அதுவும் நியாயம்தான். அவள் எழுந்து கதவை நோக்கி நடந்தாள்.

பாதி வழியில் அவர், "நில்லுங்க" என்றார். "கதவுலேருந்து திரும்பி இங்க வரைக்கும் நடந்து வாங்க."

செவ்வாய்க்கிழமைகளில் உட்காருவது போலவே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் நடந்தாள். இடது பாதம் விழுந்தது. பொறுத்து வலது பாதம் வந்தது. இன்னொரு தடவை என்றார். வெளியே காத்திருந்தவர்கள் முனகலை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது தடவை, இரண்டு காலடிக்கும் நடுவில், யாரோ ஒருவர் தெருமுனையில் நிற்பதை அவர் தெளிவாகக் கேட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்கு, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, "போன வாரம் நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். "அந்த இடத்துல அவர் யாருக்காகவோ நிக்கிறார். யாருன்னு கேக்கத் தெரியாம நான்தான் அவசரப்பட்டுட்டேன்." டீச்சர் ஆமாம் என்றார். இருவரும் ஒரே அபிப்பிராயம் சொன்னது அன்று மட்டும்தான்.

புதன்கிழமை மௌனம் திரும்பி வந்தது. போன இடத்துக்கு மட்டுமல்ல; உலகத்திலுள்ள எல்லாத் தட்டுகளிலும், யார் வாசித்ததானாலும், கடைசி நாதத்துக்கு முன் வந்து உட்கார்ந்துகொண்டது. இரும்புக் கையரின் இடது கை வரவில்லை, அந்த அபிப்பிராயத்தை டீச்சர் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. முணுமுணுத்தவர் அதற்குள் இறந்துவிட்டார். பல் டாக்டர் அவருடைய மனைவிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். அண்ணனுக்கு நரைத்த முடி கறுக்கவில்லை, கிழித்த தாள்களும் ஒட்டவில்லை. அந்தத் தேதிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும்வரை அவர் ஜன்னலோரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். தங்கையும் கூட உட்கார்ந்திருந்தாள்.

இப்போது தட்டு உறைகளில் நேரத்தை ஏழு விநாடி கூட்டியே அச்சடிக்கிறார்கள். கடைகளில் யாரும் புகார் செய்வதில்லை. அந்த ஏழு விநாடியில் கேட்பவர்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். சில வீடுகளில் அந்நேரம் பின்தங்கிய காலடி ஒன்று உள்ளே வருவதுண்டு. அந்த வீட்டுக்காரர்கள் ஒரு நாற்காலியை முன்கூட்டியே போட்டுவைத்துவிடுகிறார்கள்.