குட்டிமயில் பனியனின் சாட்சி

வேலுமணிக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். தான் மலேசியாவில் அமர்த்திய வக்கீலின் மெயிலைப் படித்ததும் இரண்டு காதும் பழுத்துவிட்டன. ஒன்பது வருஷமாக அவர் கம்பெனி தைக்கும் குழந்தைப் பனியனுக்குப் பெயர் 'குட்டிமயில்'. அந்தப் பெயரை அங்கே டிரேட்மார்க்காகப் பதியப் போனால், அவரிடமே சரக்கு வாங்கிய, அங்கே கிளாங் என்ற ஊரில் கடை வைத்திருக்கும் வியாபாரி முந்திக்கொண்டு நிற்கிறான். பெயர் அவன் மூளையில் உதித்ததாம். திருப்பூர்க்காரர் தைத்துக் கொடுத்ததோடு சரியாம். இரண்டு மாதத்துக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் பெயர் போச்சு.

ஆதாரத்துக்கு எங்கே போவது? ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பழைய ஃபைல்களை எல்லாம் எடைக்குப் போட்ட புண்ணியவான் அவரேதான். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. முதல் ஆர்டருக்கு அந்த வியாபாரி பார்த்து ஓகே செய்த சாம்பிள் பனியன். குட்டிமயில் லேபிளுக்குக் கீழே, துவைத்தாலும் போகாத மையில், "உங்க லேபிளே இருக்கட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தான்.

அதைப் பேக்கிங் செக்சனில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தபோது தூக்கிக் கொடுத்துவிட்டதாக அவர் மனைவி அமராவதி மெல்லச் சொன்னாள். வேலுமணி தலையில் அடித்துக்கொண்டார். ஓகே ஆன சாம்பிளை யாராவது தானம் பண்ணுவார்களா என்று கத்தினார்.

"ஃபைலைப் பூராத்தையும் எடைக்குப் போட்டவிங்க இதைப் பேசலாமுங்களா?" என்றாள் அமராவதி.

மூன்று நாள் தேடினார்கள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, இன்னொரு பிள்ளை போட்டதைத்தான் போட வேண்டும் என்பார்கள் அல்லவா? அப்படியே பேக்கிங்கிலிருந்து கட்டிங், கட்டிங்கிலிருந்து செக்கிங் என்று பதினொரு பிள்ளைகள் அதைப் போட்டாயிற்று. கடைசியில் தேனிப் பக்கமிருந்து வந்து ஓவர்லாக் மிஷின் ஓட்டும் நாகஜோதி வீட்டில், அவள் குழந்தை அதைப் போட்டுக்கொண்டு காலை உதறிச் சிரித்தது. முன்பக்கம் அச்சடித்திருந்த மயில் வெளுத்திருந்தது. உள்பக்கம் திருப்பினால், கையெழுத்து அப்படியே இருந்தது. வேலுமணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

போட்ட பிள்ளை ஒன்றுக்கும் காய்ச்சல் வந்ததில்லை, ராசியான சட்டை, திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று சொல்லித்தான் நாகஜோதி கழற்றிக் கொடுத்தாள்.

வக்கீல் காட்டிய பனியனில் தன் கையெழுத்தைத் தானே பார்த்த வியாபாரி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினான். அடுத்த சில மாதங்களில் பதிவுச் சான்றிதழ் வந்தது. வக்கீல் அதே கூரியரில் பனியனையும் அனுப்பியிருந்தார். கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்த வேலுமணி, நாகஜோதியிடம் வந்ததும் பனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மகள் சித்ராதேவிக்கு வருகிற மாதம் பிரசவம், அந்தச் சட்டை கிடைக்குமா என்று கேட்டார்.

"வரிசையில மூணு பேரு இருக்காகண்ணே," என்றாள் அவள். "ஒங்க மக பேரை நாலாவதா எழுதிக்கிடட்டுமா?"

மலேசியாவில் அந்தப் பெயருக்கே சொந்தக்காரர் ஆனவர், இன்னொரு மைசூர்பாகை அவள் கையில் வைத்து, மறக்காமல் எழுதிக்கொள்ளச் சொன்னார்.